நீர்க்கட்டுக்கு மஞ்சள் மாத்திரை

அடுத்தவர் இடுப்பை அளக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு எந்த வீட்டிலும் இரண்டாவது தடவை காபி கிடைப்பதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுக்கிறவர்கள், இன்ஷூரன்சுக்கு ஆள் சேர்க்கிறவர்கள், போலியோ சொட்டு மருந்துப் பெட்டியோடு படியேறுகிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. நாய் கட்டியிருக்கா என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் நாம் எல்லோருமே கேட்டைத் திறக்கிறோம். ஆனால் நீங்கள் கேட்பது வயது, வேலை, பிள்ளைகள் எத்தனை. நான் கேட்பது எடை. அதையும் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

பூதப்பாண்டி பக்கத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வரை படித்தவள் நான். கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். மகளை அங்கன்வாடியில் விட்ட பிறகு காலை நேரம் சும்மா கிடந்தது. ஒரு மருத்துவ ஆய்வுக்குத் தமிழ் வீடுகளில் ஏறி இறங்க ஆள் வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். சேர்ந்துவிட்டேன்.

ஆய்வு என்னவென்றால், உடம்பு பெருத்தவர்களுக்கு வயிற்றைச் சுற்றியிருக்கும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லையாம். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே உமி மாதிரி எப்போதும் லேசாகக் கனன்றுகொண்டே இருக்கும். சர்க்கரை, மூட்டு வலி, கல்லீரல் கேடு எல்லாவற்றுக்கும் அதுவும் ஒரு காரணமாம். மஞ்சளிலும் மிளகிலும் இஞ்சியிலும் இருக்கிற சத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாகக் கொடுத்தால் அந்தக் கனல் அடங்குமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது என்று தின்கிறவருக்கும் தெரியாது, கொண்டுபோய்க் கொடுக்கிற எனக்கும் தெரியாது. தொண்ணூறு நாள், தினம் இரண்டு. தொடங்கும்போதும் முடியும்போதும் இரத்தம் எடுப்பார்கள்.

நான் பொதுவாகச் சிரித்துக்கொண்டே திரிகிறவள். இங்கே எழுதியிருப்பதில் சிரிக்கிற இடம் கொஞ்சம்தான். வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

வெளியே தள்ளிய வயிறு

இஞ்சு டேப்பைக் கண்டதும் பெண்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "மூச்சை விடுங்க" என்றால் விட்டாச்சு என்று தலையாட்டுவார்கள். வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், சொன்னால் வயிறு வெளியே வந்துவிடும். நான் சும்மா ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பில் டேப்பை இறுக்கி அளவு எடுத்துவிடுவேன். இது எனக்கு யாரும் சொல்லித்தராத வித்தை.

செண்பகம் அக்கா மட்டும்தான் மாறாக நின்றாள். நாற்பத்து மூன்று வயது, திருநெல்வேலிக்காரி. அவள் வீட்டுக்காரர் சிதம்பரம் அண்ணன் சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறவர். அக்காவை அளந்தபோது ஆய்வில் சேர்வதற்கு வேண்டிய அளவுக்கு ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. நல்ல செய்தி என்று நினைத்து, "கொஞ்சம் கம்மியா இருக்கு அக்கா, உங்களுக்கு இது தேவைப்படாது" என்றேன். முகம் செத்துப்போயிற்று. "இன்னொரு மட்டம் அளந்து பாரு" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நிறைமாசக்காரி மாதிரி வயிற்றை முன்னால் தள்ளினாள். இந்தத் தடவை அளவு சரியாக இருந்தது. அதையே எழுதினேன். அந்த மாதம் நான் சேர்க்க வேண்டிய கணக்கிலும் இரண்டு ஆள் குறைவாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுதி முடிக்கிற வரைக்கும் அக்கா மூச்சுவிடாமல் நின்றாள். பிறகு, "இன்னும் வேணும்னா சொல்லு புள்ள, நாளைக்கு ரெண்டு கும்பா பழைய சோறு தின்னுட்டு நிக்கேன்" என்றாள்.

தாளில் 'இல்லை' என்று எழுதிய கேள்வி

மாத்திரைப் புட்டி கொடுக்கப் போன அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. முன்னறையில் கட்டிலில் சிதம்பரம் அண்ணன் படுத்திருந்தார். கண் இரண்டும் மஞ்சள். கையும் காலும் குச்சியாகிவிட்டது, வயிறு மட்டும் பானை போல. அதில் நீர் கட்டிக் கட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டு எடுக்கிறார்கள் என்றாள் அக்கா. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை அந்த மனிதர். ஆனால் கல்லீரல் போய்விட்டது என்று கேட்டதும் தெருவே ஒரு மாதிரிப் பார்த்ததாம். உட்கார்ந்தே பார்த்த வேலை, வருசக் கணக்காகச் சேர்ந்த கொழுப்பு, அதுவே போதும் என்று டாக்டர் சொன்னாராம்.

வேறு கல்லீரல் வைக்க வேண்டும். உயிரோடு இருக்கிற ஒருவர் தன்னுடையதில் ஒரு துண்டு தர வேண்டும். அண்ணனின் தம்பிக்குச் சர்க்கரை, ஆகாது. அக்காவுக்கு இரத்தம் சேர்ந்தது. ஆனால் ஸ்கேனில் அவளுடைய கல்லீரலிலும் கொழுப்பு படிந்திருந்தது. மூன்று மாதத்தில் எடையைக் குறைத்துக்கொண்டு வா, கொழுப்பு போயிருந்தால் எடுக்கிறோம் என்றிருக்கிறார்கள். வீட்டில் மிச்சமிருப்பது ஒரே மகள் பவித்ரா. ப்ளஸ் டூ. பதினெட்டு வயது ஆகாதவர்களிடம் உறுப்பு எடுக்கக் கூடாது என்று சட்டம். அவளுக்குப் பதினெட்டு ஆவது மே மாதம். "ஆனதும் அவ நான் தாறேன்னு நிப்பா. அதுக்குள்ள நான் குடுத்திரணும்" என்றாள் அக்கா.

எங்கள் தாளில் ஒரு கேள்வி உண்டு: வேறு ஏதேனும் அறுவை சிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறீர்களா? அக்கா 'இல்லை' என்று சொல்லி, நான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அப்படி ஒருவரை ஆய்வில் வைத்திருக்கவே கூடாது. அன்றைக்கே ஆபீசில் சொல்லியிருக்க வேண்டும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஃபைலை மூடிப் பைக்குள் வைத்தேன்.

வாசல் வரை வந்து அக்கா சொன்னது: "எம் பொண்ணு வயித்துல கத்தி படாம இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் புள்ள."

அழற்சி

ஆபீசில் கொடுத்த தமிழ்த் தாளில் அந்தக் கனலுக்கு 'அழற்சி' என்று போட்டிருந்தது. நல்ல தமிழ்தான். ஆனால் நான் ஏறி இறங்கும் கரமனைத் தெருக்களில் ஒருத்தருக்கும் புரியவில்லை. பாதிப் பேர் அதை 'அலர்ஜி' என்று படித்தார்கள். எனக்கு முட்டை ஆகாது, எனக்குத் தூசி ஆகாது என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் சொன்னார்கள். நானும் எல்லாவற்றையும் கவனமாகக் குறித்துக்கொண்டு போய், ஆபீசில் இது என்ன என்று திட்டு வாங்கினேன்.

அதனால் நானே ஒரு காரியம் செய்தேன். மலையாளத் தாளைப் பார்த்தேன். அதில் 'நீர்க்கெட்டு' என்று இருந்தது. இந்த ஊரில் கால் பிசகி வீங்கினால் நீர், பல் வலித்துக் கன்னம் வீங்கினால் நீர், எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆறு வருசமாக நானும் அப்படித்தான் பேசுகிறேன். என் மகளுக்குக் கொசு கடித்துத் தடித்தாலே, "அம்மா, நீரு வந்நு" என்பாள். துண்டுத் தாளில் 'உடம்பில் உள்ள நீர்க்கட்டு குறைவதற்காக, காலை ஒன்று, இரவு ஒன்று' என்று அழகாக எழுதி, நகலெடுத்து, எல்லாத் தமிழ் வீட்டுப் புட்டியிலும் ஒட்டினேன். யாரும் சொல்லாமலே ஒரு நல்லது செய்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.

அதற்கு முந்தைய வாரம் அக்ரஹாரத்தில் ஒரு மாமி கேட்ட கேள்விதான் என்னை அந்தத் துண்டுத் தாளை எழுத வைத்தது: "அலர்ஜின்னா நேக்குக் கத்திரிக்காய் ஒண்ணுதாண்டி. அத வாங்காம இருந்தாப் போச்சு, அதுக்கு எதுக்கு மூணு மாசம் மாத்திரை?"

ரசத்தில் போன மாத்திரை

அதே மாமி. எண்ணிக்கையில் அவரை அடிக்க ஆளில்லை. மாதக் கடைசியில் புட்டியைத் திரும்ப வாங்கி, மிச்சம் எத்தனை என்று எண்ணுவது எங்கள் வழக்கம். மற்றவர்கள் புட்டியில் பத்து கிடக்கும், பதினைந்து கிடக்கும். கிடப்பதை மறைக்கச் சிலர் கழிவறையில் கொட்டிவிட்டு, வீட்டில் எல்லோரும் கேட்க, "எல்லாம் தின்னாச்சு" என்பார்கள். மாமியின் புட்டி மட்டும் துடைத்து வைத்தது போலக் காலி. ஆபீசில் அவரைத்தான் எல்லோருக்கும் உதாரணம் காட்டுவேன்.

ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் போய்விட்டேன். அடுப்பில் ரசம் நுரைத்துக்கொண்டிருந்தது. மாமி இரண்டு மாத்திரையை எடுத்து, மேல் கூட்டைப் பிரித்து, உள்ளிருந்த தூளை ரசத்தில் தட்டினார். வெறும் கூட்டைக் குப்பையில் போட்டார். என்னைப் பார்த்துக் கொஞ்சமும் பதறவில்லை. மாமாவும், ஆறடி உயரத்தில் அதற்கேற்ற அகலத்தில் இருக்கும் மகனும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். "மாமி, இது உங்களுக்கு மட்டும்" என்றேன். ஒருவருக்கான மாத்திரையை மூன்று பேர் தின்றால் என்ன கணக்கு என்று விளக்கவும் பார்த்தேன். மாமி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரே ஆத்துல மூணு பேரும் ஒண்ணாத்தானே பெருத்தோம், நான் மட்டும் தனியா இளைக்கறது நன்னாவா இருக்கும்?"

வண்ணம்

கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் எங்கள் நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள். மலையாளத்தில் ஒட்டியிருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அதைப் படிக்கத் தெரியாது. கூட இருந்த தோழி வாசித்துக் காட்டியிருக்கிறாள். மலையாளத்தில் வண்ணம் என்றால் உடம்புப் பருமன். வண்ணம் குறைய மஞ்சளும் மிளகும் சேர்ந்த மாத்திரை என்று அவள் வாசிக்க, இந்தப் பெண் தமிழில் கேட்டுக்கொண்டாள்.

என்னிடம் வந்து தனியாக ஒதுக்கிக் கூட்டிப்போய், கன்னத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டு பேசினாள். எனக்குப் புரியவே ஐந்து நிமிசமாயிற்று. புரிந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொல்லியும் சிரித்தேன். இரண்டு பாசையிலும் ஒரே சொல் வேறு வேறாக நிற்கும் என்று எனக்கு அந்தப் படிக்கட்டிலேயே தெரிந்துவிட்டது. பைக்குள் என் துண்டுத் தாள் இருந்தது. அதை எடுத்து ஒருமுறை தமிழ்க்காரியாகப் படித்துப் பார்த்திருக்கலாம். படிக்கவில்லை.

அந்தப் பெண் கேட்டது இதுதான்: "வண்ணம் குறைஞ்சா நான் வெளுப்பேனா, கறுப்பேனாக்கா? வீட்டுல வேற மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்காங்க!"

இரண்டு டம்ளர்

செண்பகம் அக்கா நன்றாக இளைத்துக்கொண்டு வந்தாள். சோற்றைப் பாதியாக்கினாள். காலையில் கோட்டையைச் சுற்றி நடை. போகிற போதெல்லாம் எடை மெஷினில் ஏறி நின்று, எண்ணைக் குனிந்து பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பாள். ஏழு கிலோ குறைந்த அன்றைக்கு இருவரும் கைகொட்டிச் சிரித்தோம். பவித்ராவுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. "அம்மா இப்ப என் சுடிதார் கேக்குது" என்று அவளும் சிரித்தாள். சொல்லி வைத்தபடி ஏப்ரல் கடைசியில் ஸ்கேன்.

ஏப்ரல் நடுவில் வெயில் சொல்லி முடியாது. ஒருநாள் பதினோரு மணிக்குப் போனேன். பவித்ரா கதவைத் திறந்தாள், முகத்தில் இரத்தமில்லை. காலையில் அம்மா அடுப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறாள் என்றாள். அக்கா தரையில் கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்து வெள்ளை வெள்ளையாக நின்றது. நான் ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "காலைக்கு உள்ளது ஆச்சு" என்றாள்.

அப்போதுதான் அடுப்படி மேடையைப் பார்த்தேன். இரண்டு எவர்சில்வர் டம்ளர், பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. ஒன்று அண்ணனுடையது. அவர் வயிற்றில் நீர் கட்டுகிறது என்று டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தார். இன்னொன்று அக்காவுடையது. என் துண்டுத் தாளில் 'நீர்க்கட்டு' என்று படித்ததும், தனக்கும் அதே வியாதி வந்துவிட்டது, அதுதான் தன் கல்லீரலையும் கெடுக்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து அவருக்கு அளக்கிற டம்ளரில் தனக்கும் அளந்துகொண்டாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, மாத்திரை விழுங்க. அந்த வெயிலில், அந்த நடை நடந்துவிட்டு, இத்தனை வாரம்.

மலையாளத்தில் குடிப்பது வெள்ளம், வீங்குவது நீர். தமிழில் குடிப்பதுதான் நீர், வெள்ளம் வந்தால் எழுந்து ஓட வேண்டும். ஆறு வருசத்தில் எனக்கு இரண்டும் கலந்து எது எங்கள் ஊர்ச் சொல், எது இந்த ஊர்ச் சொல் என்றே தெரியாமல் போயிருந்தது. நான் வாய் குழறி இதையெல்லாம் சொல்லச் சொல்ல, அக்கா புட்டியை எடுத்து என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"முத்து முத்தா எழுதியிருந்தியே புள்ள, தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

மேடத்தின் அறை

ஆட்டோவில் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினோம். மறுநாள் காலையில் நானாகவே எங்கள் ஆய்வை நடத்தும் ஷீபா மேடத்தின் அறைக்குப் போய், வயிற்றைத் தள்ளி அளவு கொடுத்ததிலிருந்து டம்ளர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். மேடம் கத்துகிற ஆள் இல்லை. அக்காவை ஆய்விலிருந்து உடனே நீக்கினார். என் துண்டுத் தாளை யார் அனுமதித்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அன்றைக்கே பதினோரு வீட்டுக்கும் போய் எல்லாப் புட்டியிலிருந்தும் தாளைக் கிழித்தேன். அக்ரஹாரத்து மாமி, "நன்னாத்தானே ஒட்டியிருந்தே" என்று வருத்தப்பட்டார்.

வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான், இன்னும் பாதிப் பேருக்கு நாள் மிச்சமிருந்தது.

அக்காவின் காரியம்தான் போயிற்று. ஏப்ரல் கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் கொழுப்பு அநேகமாகப் போய்விட்டது, தாராளமாகக் கொடுக்கலாம் என்று வந்தது. ஆனால் தண்ணீரில்லாமல் சிறுநீரகம் வாடியிருந்தது. இரத்தத்தில் சிறுநீரகத்துக்கென்று பார்க்கிற கணக்கு ஏறியிருந்தது. சரியாகிவிடும், ஆனால் சரியாகி ஆறு வாரம் நிலைத்து நின்றால்தான் இவளை மேசையில் படுக்க வைப்போம் என்று ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அண்ணனால் ஆறு வாரம் தாங்க முடியாது என்றும் அவர்களேதான் சொன்னார்கள்.

இதை மேடத்திடம் போய்ச் சொன்னபோது அவர் வெகுநேரம் என் துண்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் தப்பு என்று அவருக்கு அப்போதும் பிடிபடவில்லை. அவருக்கு நீர் என்றால் வீக்கம் மட்டும்தான்.

"நீருன்னு பறஞ்ஞால் நீரு தன்னேயல்லே, ஜோதி?" என்றார்.

பதினெட்டு

மே மாதம் பிறந்தது. அக்கா வீட்டில் யாரும் தேதியைப் பற்றிப் பேசவில்லை. காலண்டரில் அந்தத் தாளைக்கூட அக்கா முந்தின நாளே கிழித்துவிட்டதாகப் பவித்ரா பிற்பாடு சொன்னாள். அண்ணன் பேச முடியாத நிலையிலும் கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றாராம். அக்கா, மகளின் ஆதார் அட்டையை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். தினம் சோறு வைக்கிறவள் மகள்தான் என்பதை மறந்துவிட்டாள். பிறந்தநாளுக்கு அடுத்த நாள் அட்டையைத் தட்டித் துடைத்துக்கொண்டு, பஸ் ஏறி, அந்தப் பெண் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் என் அப்பாவுக்கு நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இரத்தம் சேர்ந்தது. கல்லீரலில் கொழுப்பு இல்லை. எல்லாம் அவளுக்கு அவ்வளவு சுலபமாகச் சேர்ந்தது.

நான் அக்காவைப் பார்க்கப் போனபோது அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னை உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. நானாகவே ஓரமாக உட்கார்ந்தேன். சிரிக்க வைக்கிற என் வித்தை எதுவும் அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை. அக்கா நிமிசத்துக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடித்தாள். செம்பு செம்பாகக் குடித்தாள். அதற்குள் எப்படியாவது சிறுநீரகத்தைச் சரிப்படுத்திவிடலாம் என்று அப்போதும் அவளுக்கு ஒரு எண்ணம். "ரொம்பவும் குடிக்கக் கூடாது அக்கா" என்று சொல்ல வாய் வந்தது. தண்ணீரைப் பற்றி இனி இந்த வீட்டில் நான் எதைச் சொல்வது?

உறுப்பு தருகிறவர்களைத் தனி அறையில் உட்கார வைத்து ஒரு கமிட்டி கேள்வி கேட்கும். வீட்டில் மிரட்டிச் சம்மதிக்க வைத்தார்களா என்று தெரிந்துகொள்ள. அங்கே நடந்ததைப் பவித்ராவே எனக்குச் சொன்னாள். மலையாளத்தில் கேட்டார்களாம், உன்னை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று. ஆமாம் என்றாளாம் இவள். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து, யார், என்னவென்று கட்டாயப்படுத்தினார்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"அம்மை நிர்பந்திச்சு சாரே. கொடுக்க வேண்டான்னு."

மாவு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருவரும் வீடு திரும்பியபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. அண்ணனின் கண் வெளுத்துவிட்டது, சுவரைப் பிடித்து நடக்கிறார். பவித்ரா தொளதொள சட்டைதான் போடுகிறாள். குடத்தைத் தூக்கக் கூடாது, வேகமாகப் படியேறக் கூடாது, உரக்கச் சிரித்தாலும் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். காலேஜ் இந்த வருசம் இல்லை. "அடுத்த வருசம் போய்க்கலாம், காலேஜ் எங்க போயிரும்?" என்கிறாள். தையல் நெஞ்சுக்குக் கீழேயிருந்து இறங்கிப் பக்கவாட்டில் திரும்புகிறது. அக்காதான் அதற்குத் தினம் மருந்து வைக்கிறாள்.

எங்கள் ஆய்வும் ஒரு வழியாக முடிந்தது. மஞ்சளும் மிளகும் இஞ்சியும் அந்தக் கனலை அடக்கியதா என்று என்னைக் கேட்காதீர்கள். மேடம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார், மாமியின் ரசத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதும் அதில் ஒரு சிக்கல். ஆனால் யார் யார் எந்த மாத்திரையைத் தின்றார்கள் என்று எல்லோருக்கும் கடிதம் கொடுக்க வேண்டும், பாதியில் நீக்கப்பட்டவர்களுக்கும்தான். வீடு வீடாகப் போய்க் கொடுக்கிற வேலை என்னுடையது. அக்கா வீட்டுக் கடிதத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன்.

பவித்ரா பிரித்து வாசித்தாள். அம்மா தின்றது மாவு. அதாவது, குறைந்த கிலோவெல்லாம் அக்கா நடந்து, பட்டினி கிடந்து, தானாகக் குறைத்தது. மாத்திரை இல்லாமலே, என் துண்டுத் தாள் இல்லாமலே, ஏப்ரல் கடைசியில் அவளே மேசையில் படுத்திருக்கலாம். அக்கா கடிதத்தை வாங்கி நான்காக மடித்தாள். உள்ளே போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். முந்தின நாள் அவளை ஆஸ்பத்திரியில் திரும்பப் பரிசோதித்திருக்கிறார்கள், சிறுநீரகக் கணக்கு இறங்கி நின்றுவிட்டதாம், கல்லீரலும் முழுக்கச் சுத்தமாகிவிட்டதாம். "நல்லதாப் போச்சே அக்கா" என்றேன், என் பழக்கத்தில். அக்கா, மகள் உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"ஈரல் இப்ப கண்ணாடி மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்லுதார். இனி அத வச்சு நான் என்ன செய்ய, நீயே சொல்லு புள்ள."

எங்கள் வேலையில் தாளில் ஒரு சொல் தப்பாகிவிட்டால் அதை அழிக்கக் கூடாது, குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியான சொல்லை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டால் அது திருத்தப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.